றியோ ஐஸ்கிரீமுக்கும் மந்திரி மனைக்கும் இடையில்

"யாழ்ப்பாணத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்" என்று யூரியூப்பில் தேடிப் பாருங்கோ. வீடியோக்கள் கொட்டும். எல்லாத்திலும் கிட்டத்தட்ட ஒரே வரிசைதான்: கோட்டை, பொது நூலகம், நல்லூர், சங்கிலியன் தோப்பு, மந்திரி மனை, நிலாவரை, கீரிமலை, கசூரினா, நயினாதீவு, முடிவில் றியோ ஐஸ்கிரீம். சில பேர் றியோவை முதலாவதாகவே போட்டிருப்பினம். அதில நாங்கள் பிழை பிடிக்க மாட்டம். மத்தியான வெயிலுக்க நல்லூரடியைச் சுற்றின ஆக்களுக்குத்தான் அதின்ர அருமை தெரியும்.

எங்கட வயசுக்காரருக்கு றியோ என்றால் அந்தக் கடைதான். பிரேசிலில் அதே பெயரில் ஒரு கடற்கரை நகரம் இருக்கிறது என்பது உலகக் கிண்ண உதைபந்தாட்டம் நடக்கிற மாதத்தில் மட்டும் நினைவுக்கு வரும். இந்தக் கட்டுரையில் அந்த றியோவையும் கொஞ்சம் இழுத்துவரப் போறம். அங்கேயும் பயணிகளுக்கென்று ஒரு பட்டியல் இருக்கு: மலையுச்சியில் கை விரித்து நிற்கிற இயேசு சிலை, கடற்கரை, பழைய தேவாலயங்கள். ஆனால் அந்தப் பட்டியலில் பிந்தி வந்து சேர்ந்த சில இடங்களைப் பற்றி வாசித்தபோதுதான் எங்கட பட்டியலில் என்ன குறை என்று பிடிபட்டது.

முதலில் ஒரு சின்ன உறவுமுறை சொல்ல வேண்டும். றியோவை 1565இல் நிறுவியவர்கள் போர்த்துக்கேயர். அதே போர்த்துக்கேயர்தான் 1619இல் யாழ்ப்பாண இராசதானியைப் பிடித்தார்கள். இங்கே அவர்கள் இருந்தது முழுசாய் நாற்பது வருசம்கூட இல்லை. ஆனால் வீட்டுக்குள்ள வந்து குந்தின சொற்கள் இன்னும் எழும்பிப் போகவில்லை. கதிரை, அலுமாரி, வாங்கு, யன்னல், குசினி, சப்பாத்து, பாண். றியோவில் ஒரு வீட்டுக்குள்ள போய் நின்று இதுகளைச் சொன்னால் அரைவாசியாவது விளங்கும். அன்னாசியும் கஜுவும் இன்னும் தூரத்துச் சரக்கு. பிரேசிலின் ஆதிக்குடிகள் பேசின துப்பி மொழியில் பிறந்து, போர்த்துக்கேயரின் கப்பலேறி எங்கட வாய்க்கு வந்த சொற்கள் அவை. காணி உறுதி பார்க்கிற பெரியாக்கள் சொல்லுகிற 'தோம்பு'ம் அவர்கள் விட்டுப்போனதுதான்.

இதை எங்களுக்கு எந்த நூதனசாலையும் சொல்லவில்லை. கலைப்பீடத்தில் ஒரு விரிவுரையில் போகிற போக்கில் கேட்டது. கேட்டுவிட்டு உரும்பிராய்க்கு பஸ்ஸில் வரும்போது ஆளாளுக்குச் சொற்களை எண்ணிக்கொண்டு வந்தோம். வீட்டுக்குள்ளேயே இவ்வளவு கிடக்கிற ஊரில், ஒரு மட்பாண்டத்துக்குக் கீழே "மட்பாண்டம்" என்று மட்டும் எழுதிவைத்த கண்ணாடிப் பெட்டியை நாங்கள் பார்த்திருக்கிறோம். அது மட்பாண்டம் என்று எங்களுக்கும் தெரிந்துதானே இருந்தது.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். எங்களிடம் பார்க்க இடம் இல்லாமல் இல்லை. உரும்பிராயிலிருந்து சைக்கிள் மிதித்தே ஒரு நாளில் ஐந்தாறு இடம் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் அந்த இடங்கள் தங்களுக்கு என்ன நடந்தது என்று சொல்வதில்லை. சில இடங்களில் அரசாங்கம் சொல்ல விடவில்லை. சில இடங்களில் எங்கட ஆக்களே சொல்ல விரும்பவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

நூலகத்திலிருந்து தொடங்குவம். தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து வந்த நண்பர்கள் சிலரை ஒருமுறை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். வெள்ளை வெளேரென்று நிற்கிற கட்டடத்தைப் பார்த்து ஒரு பெட்டை கேட்டாள், "இது புதுசா கட்டினதா?" அவள் குத்திக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாது. நாங்கள்தான் புல்வெளியில் இருந்து, தெரிந்த சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கதையைச் சொன்னோம். 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் தொடங்கிய வாசிப்பு முயற்சி; மதராசிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வந்து வரைந்த மண்டபம்; 1959இல் திறப்பு; 1981 மே 31 இரவு தொடங்கிய வெறியாட்டம்; எரிந்துபோன ஏறத்தாழ 97,000 புத்தகங்களும் ஏடுகளும். அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகைக் காரியாலயமும் யாழ்ப்பாண நாடாளுமன்ற உறுப்பினரின் வீடும் எரிந்தன. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கு இது ஏன் தெரியாது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு நாங்கள் மறுமொழி சொல்லவில்லை. மறுமொழி சொல்ல வேண்டியது நாங்கள் இல்லை என்றுதான் பட்டது.

பிறகுள்ள கதையும் சும்மா கதையில்லை. 1984 அளவில் ஒருதரம் திருத்தினார்கள். பிறகு சண்டை. கோட்டைக்குள் ஆமி, வெளியே இயக்கம், இடையில் நூலகம். அது சூனியப் பிரதேசமாகக் கிடந்தது. 1990களின் பின்பாதியில் 'வெண்தாமரை' இயக்கம் தெற்கில் செங்கல்லும் புத்தகமும் சேர்த்தது. கட்டி முடித்த பிறகும் திறப்பது சண்டையாகிப்போச்சு. 2003இல் திறப்பை ஒத்திப்போடச் சொல்லி வந்த நெருக்குதலுக்கு எதிராக மாநகர சபை உறுப்பினர்கள் 23 பேரும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். எரிந்த கூட்டை அப்படியே நினைவிடமாக விட்டுவிட்டு வேறொரு கட்டடம் கட்டுங்கள் என்று கேட்டவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

எங்களுக்குள்ளும் இதில் வாக்குவாதம் வந்தது. கூட்டை அப்படியே விட்டிருக்க வேண்டும் என்று எங்களில் சிலர். ஏ.எல். காலம் முழுக்க அந்த மேசைகளில் இருந்து படித்த நாங்கள் எப்படி அதைச் சொல்லலாம் என்று மற்றவர்கள். முடிவில் எல்லாரும் ஒத்துக்கொண்டது: திரும்பக் கட்டினது சரி; ஊருக்குப் படிக்க இடம் வேணும். ஆனால் ஒரேயொரு சுவரை விட்டிருக்கலாம். வெள்ளை பூசாமல், கரியோட, ஒரேயொரு சுவர். அதைப் பார்த்தால் அந்தப் பெட்டை எங்களிடம் கேட்டிருக்கவே தேவையில்லை.

இங்கேதான் றியோ வருகிறது. பிரேசிலின் தேசிய நூதனசாலை அந்த நகரத்தில்தான் இருந்தது. 1818இல் தொடங்கியது. போர்த்துக்கேய அரச குடும்பம் லிஸ்பனை விட்டு ஓடிவந்து குடியிருந்த மாளிகை அதன் கட்டடம். 2018 செப்டெம்பர் 2ஆம் திகதி இரவு அது எரிந்தது. இருந்த இரண்டு கோடி அளவான பொருட்களில் பெரும்பகுதி போய்விட்டது. இன்று பேச ஆளில்லாத ஆதிக்குடி மொழிகளின் ஒலிப்பதிவுகளும் அதோட போயின. தீயணைப்பு வண்டி வந்தபோது பக்கத்துக் குழாயில் தண்ணி இல்லை. அது வேணுமென்று கொளுத்தினதில்லை. பல வருசமாகக் காசு ஒதுக்காமல் விட்டதால் வந்த அழிவு. ஆகவே 1981ஓட அதை ஒப்பிட்டு இரண்டும் ஒன்றென்று சொல்ல நாங்கள் வரவில்லை. கொளுத்தினது வேறு, எரிய விட்டது வேறு.

எங்களைப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்ததுதான். நெருப்பு அணைந்த கையோடு, அந்த நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் நூதனசாலையியல் படிக்கிற மாணவர்கள் ஒரு அறிவிப்பு விட்டார்கள். எப்போதாவது அங்கே போய்ப் படம் எடுத்தவர்கள், வீடியோ எடுத்தவர்கள் எல்லாரும் அனுப்புங்கள் என்று. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எடுத்த படம், காதலியை மம்மிக்குப் பக்கத்தில் நிற்பாட்டி எடுத்த படம், எதுவானாலும் சரி. பின்னால் தெரிகிற பெட்டியில் என்ன இருந்தது என்பது அவர்களுக்கு வேணும். படங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. எங்கட வயசுக்காரர் அவர்கள். எங்களைப் போலவே ரியூட் எழுதுகிற, சோதனைக்குப் படிக்கிற ஆக்கள்.

எங்களுக்கும் இப்படி ஒன்று இல்லாமல் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் பண்ணி இலவசமாக வைத்திருக்கிறது. எங்கட அசைன்மென்ற்றுகளில் முக்கால்வாசி அதில் தொங்கித்தான் எழுதப்பட்டது என்று சொன்னால் விரிவுரையாளர்கள் மன்னிப்பார்கள். அதுவும் எரிந்ததற்கான ஒரு மறுமொழிதான். ஆனால் எரிந்த அந்தக் கட்டடத்தின் உள்ளே எப்படி இருந்தது, சிறுவர் பகுதியில் எந்தக் கதிரையில் யார் இருந்தார்கள் என்று யாராவது வடிவாகச் சேர்த்து வைத்திருக்கிறார்களா? இதுக்குக் கடைசியில் வருவம்.

கோட்டைக்கு வருவம். நூலகத்திலிருந்து நடந்து போகிற தூரம். போர்த்துக்கேயர் கட்டினார்கள்; 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாக்கினார்கள்; 1795இல் ஆங்கிலேயர் கையில் போனது. வீடியோக்களில் வரலாறு அந்த இடத்தோடு நின்றுவிடும். பிறகு மதிலில் ஏறி நின்று கடலேரியைப் பார்த்து ஒரு ட்ரோன் ஷொட். ஆனால் உள்ளே ஏன் வெறுவெளியாகக் கிடக்கிறது? 1706இல் கட்டின ஒல்லாந்தர் தேவாலயம் எங்கே போனது? 1990இல் மாதக்கணக்கில் நடந்த முற்றுகையில் நொறுங்கியது. செப்டெம்பரில் ஆமி விட்டுவிட்டுப் போன பிறகு மிச்சமும் பிரிக்கப்பட்டது. எங்கட அம்மாக்களின் வயசுக்காரருக்கு கோட்டை என்றால் ஒல்லாந்தர் இல்லை. கோட்டையிலிருந்து வருகிற செல். எந்தப் பக்கம் ஓட வேண்டும், எந்தச் சத்தத்துக்குக் குப்புறப் படுக்க வேண்டும் என்பதுதான் அவர்களுக்குத் தெரிந்த கோட்டை வரலாறு. நெதர்லாந்து உதவியோடு மதிலைத் திருத்தினது நல்ல காரியம். உள்ளே நடந்த அகழ்வுகளில், போர்த்துக்கேயர் வர எத்தனையோ நூற்றாண்டுக்கு முந்தியே இந்தக் கரையில் தூரதேசத்து வணிகம் நடந்ததற்கான மட்பாண்டங்கள் கிடைத்ததும் நல்ல செய்தி. ஆனால் இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தினதை நோண்டி எடுத்துச் சொல்ல முடிகிற இடத்தில் முப்பத்தைந்து வருசத்துக்கு முந்தினதைச் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

அந்தக் கற்களுக்கு இன்னொரு கதையும் இருக்கு. 1621இல் பிலிப் டி ஒலிவேரா நல்லூர்க் கந்தசுவாமி கோவிலை இடித்தபோது அதன் கற்கள் கோட்டை வேலைக்குப் போயின என்பது ஊரில் வழிவழியாக வருகிற கதை. உண்மையா இல்லையா என்று ஆய்வாளர்கள் பார்க்கட்டும். அப்படியொரு கதை இருக்கிறது என்பதையாவது கோட்டைக்கு வருகிற ஒருத்தருக்குச் சொல்லலாமே. மந்திரி மனையும் அப்படித்தான். வீடியோவில் எல்லாரும் "சங்கிலிய மன்னனின் மந்திரி வாழ்ந்த வீடு" என்று சொல்லுவினம். இன்று நிற்கிற தூணும் வளைவும் இராசதானி முடிந்து மிகவும் பிந்தி வந்தவை. சுவரில் எழுதியிருக்கிற பெயர்கள் இன்னும் பிந்தியவை. அந்தந்த ஆண்டில் ஏ.எல். எடுத்த காதல் சோடிகளின் பெயர்கள்.

ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் கடலுக்க நிற்கிற கடற்கோட்டையையும் ஒரு வரியில் சொல்லவேணும். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் பெயர் மாற்றி, சிறையாக இருந்து, 1971 கிளர்ச்சிக்குப் பிறகு ஜே.வி.பி. பெடியளையும் அடைத்து வைத்திருந்த இடம். இப்ப கடற்படை நடத்துகிற ஹோட்டல். சிறையில் படுக்கவும் காசு கட்டலாம் என்ற நிலைமை.

கந்தரோடை வேறு மாதிரிப் பிரச்சினை. உரும்பிராயிலிருந்து சுன்னாகம் போய் அப்படியே போகலாம். பனைகளுக்கு நடுவில் முருகைக்கல்லால் ஆன சின்னச் சின்னத் தூபிகள். உண்மையில் யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் அது. பின்னேர வெயிலில் அவ்வளவு வடிவு. 1970இல் பென்சில்வேனியப் பல்கலைக்கழக நூதனசாலையின் குழு வந்து கிண்டி, பெருங்கற்காலக் குடியிருப்பு இருந்ததைக் காட்டியது. 1980இல் ஆனைக்கோட்டையில் எங்கட பல்கலைக்கழகத்துக் குழு ஒரு புதைகுழியில் எலும்புக்கூட்டோடு ஒரு சின்ன வெண்கல முத்திரையை எடுத்தது. மேல் வரியில் குறியீடுகள், கீழ் வரியில் பிராமி எழுத்து. விரல் நுனி அளவான அந்தச் சாமானைப் பற்றி எத்தனை ஆய்வுக் கட்டுரைகள். ஆனால் 'பத்து இடங்கள்' பட்டியல் எதிலும் ஆனைக்கோட்டையை நாங்கள் கண்டதில்லை.

கந்தரோடைக்குப் போகிற தெற்குப் பயணி அதைக் கதுருகொட விகாரை என்று கும்பிட்டுவிட்டுப் போகிறார். எங்கட ஆக்கள் கனபேர் அந்தப் பக்கமே போக மாட்டினம், "அது அவையின்ர இடம்" என்று. இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு விசயத்தை விழுங்கிவிட்டது: தமிழர் பௌத்தராகவும் இருந்திருக்கிறார்கள். மணிமேகலையை ஐம்பெருங்காப்பியம் என்று பாடமாக்கிச் சோதனை எழுதுகிற நாங்கள், எங்கட வளவுக்குள்ள ஒரு தூபி இருந்தால் ஏன் பதற வேண்டும்? காரணமும் தெரியும். குருந்தூர்மலையைப் பார்த்த ஆக்களுக்கு, தொல்பொருள் திணைக்களத்தின் வண்டி ஊருக்குள் வந்தாலே அடுத்தது விகாரைதான் என்று நெஞ்சு இடிக்கும். அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை. ஆனால் அந்தப் பயத்தில் நாங்களே எங்கட பழங்காலத்தை அரைவாசி தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். கந்தரோடையைப் பற்றி ஒழுங்காக, முழுசாக, மூன்று மொழியிலும் ஒரு பலகை எழுதினால் அதுவே ஒரு அரசியல் வேலைதான்.

திரும்பவும் றியோ. 2011இல் துறைமுகப் பகுதியைத் திருத்தக் கிண்டினபோது பழைய கல் இறங்குதுறை ஒன்று வெளிப்பட்டது. வலோங்கோ. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த மனிதரை இறக்கின இடம். அங்கே இறக்கப்பட்டவர்கள் ஒன்பது இலட்சம் அளவு என்கிறார்கள். 1843இல் பேரரசருக்கு மனைவியாக ஓர் இளவரசி வந்திறங்கப் போகிறாள் என்றவுடன் அதற்கு மேலே வடிவான கல் பாவி, 'பேரரசியின் துறை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நூற்றைம்பது வருசத்துக்கு மேல் அது மண்ணுக்குக் கீழே கிடந்தது. இப்போது திறந்து வைத்திருக்கிறார்கள். 2017இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. போய்ப் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லையாம், கல்லுத்தான். ஆனால் என்ன கல் என்று தெரிந்துகொண்டு நிற்கிறார்கள்.

அதற்குக் கிட்டவே ஒரு வீடு. 1996இல் அந்தக் குடும்பம் வீடு திருத்த நிலத்தைக் கிண்டியது. மனித எலும்புகள் வந்தன. கப்பலில் வந்து, விற்கப்படுவதற்கு முந்தியே செத்துப்போனவர்களைக் குப்பையைப் போலப் போட்டு மூடின மயானம் அது. வேறு யாராவது என்றால் சீமெந்து போட்டு மூடிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பார்கள். அவர்கள் மூடவில்லை. அந்த வீடே இன்று நினைவகமும் நூதனசாலையும்.

இதை வாசிக்கும்போது யாழ்ப்பாணத்தில் இருக்கிற எவருக்கும் எந்த இடம் ஞாபகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை. 2025 பெப்ரவரியில் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை கட்டக் கிண்டினபோது எலும்புகள் வந்தன. செம்மணி என்ற பெயர் எங்களுக்குப் புதிதில்லை. மாணவி கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் 1998இல் நீதிமன்றத்திலேயே சொன்னார், 300 முதல் 400 உடல்கள் அங்கே புதைக்கப்பட்டிருக்கு என்று. 1999இல் எடுத்தது 15. பிறகு கால் நூற்றாண்டுக்கு அந்தப் பேச்சை மூடிவைத்தார்கள். 2025இல் நீதிமன்றக் கண்காணிப்பில் கிண்டக் கிண்ட 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றில் பிள்ளைகளும். ஒரு நீலப் பள்ளிக்கூடப் பை. ஒரு பொம்மை. வளையல்கள்.

அந்த ஓகஸ்டில், எடுத்த பொருட்களைச் சனம் வந்து பார்த்து அடையாளம் சொல்லட்டும் என்று நீதிமன்ற உத்தரவோடு காட்சிக்கு வைத்தார்கள். எங்கட காலத்தில் யாழ்ப்பாணத்தில் நடந்த மிக முக்கியமான காட்சி அதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். வேறு எந்த நூதனசாலையிலும் பெட்டிக்குக் கீழே பெயர் எழுதியிருக்கும், பார்க்க வருகிறவர் வாசிப்பார். இங்கே பெயர் எழுதியிருக்கவில்லை. பார்க்க வருகிற அம்மாமார் சொல்ல வேண்டும். முப்பது வருசத்துக்கு முந்தித் தைத்துக் கொடுத்த சட்டையின் நிறத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறவரிடம் நாங்கள் வரலாறு படிக்கிறோம் என்று எப்படிச் சொல்லுவது?

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். செம்மணியைச் சுற்றுலா இடமாக்குங்கோ என்று நாங்கள் கேட்கவில்லை. அது இப்போது நீதிமன்றத்தின் இடம். அதற்கு முதல் அந்தச் சொந்தக்காரரின் இடம். யார் செய்தது, யார் உத்தரவிட்டது என்று முடிவு வராமல் அங்கே பளிங்கில் ஒரு நினைவுத்தூண் கட்டினால் அதுவும் பேரரசியின் துறைதான், மேலே வடிவாகக் கல் பாவி மூடின கதை. நாங்கள் கேட்பது சின்ன விசயம். ஊருக்குள் வருகிற எல்லாரும் இறங்கி நின்று செல்பி எடுக்கிற யாழ்ப்பாண வளைவு அதே செம்மணியில்தான் நிற்கிறது. அந்த வளைவைக் காட்டுகிற வீடியோக்கள் அந்த மண்ணைப் பற்றி ஒரு வசனம் சொன்னால் என்ன?

அரசாங்கத்தை மட்டும் சொல்லிவிட்டு முடிக்க ஏலாது. முடித்தால் இந்தக் கட்டுரையும் இன்னொரு பட்டியலாகிப் போகும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறச் சொன்னது விடுதலைப் புலிகள். சோனகத்தெருவில் பூட்டிக் கிடந்த வீடுகள், வெறுமையாகிப்போன ஒஸ்மானியாக் கல்லூரி, பள்ளிவாசல்கள். எங்கட பட்டியலில் அந்தத் தெரு எங்கே? கொழும்பிலிருந்து வருகிறவருக்கு நூலகம் எரிந்த கதையைச் சொல்லுகிற நாங்கள், அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்கிற அந்தத் தெருவைக் காட்டாமல் கூட்டிக்கொண்டு போனால், எங்களுக்கும் 1981ஐ மறைக்கிறவருக்கும் என்ன வித்தியாசம்? அளவு வேறு, காரணம் வேறு, எல்லாம் சரி. மறைப்பு மறைப்புத்தான்.

மாவிட்டபுரமும் அப்படித்தான். கோபுரம் இருக்கு, மாருதப்புரவீகவல்லியின் குதிரைமுகம் மாறின கதை இருக்கு. 1968இல் ஒடுக்கப்பட்ட சாதிச் சனம் கோவிலுக்குள் போகக் கேட்டு அந்த வாசலில் நடத்தின போராட்டம் மட்டும் எந்த வீடியோவிலும் இல்லை. அடிபட்டவர்களில் சிலர் இன்னும் இருக்கலாம். கேட்டு எழுத இன்னும் எத்தனை வருசம் இருக்கு என்று நினைக்கிறீர்கள்?

எங்கட உரும்பிராயையே எடுங்கோ. கருணாகரப் பிள்ளையார் கோவிலைக் கருணாகரத் தொண்டைமானோடு சேர்த்துச் சொல்லுகிற கதை சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்கட ஊரில் நிற்கிற பொன். சிவகுமாரன் சிலை எத்தனை தரம் உடைக்கப்பட்டு, எத்தனை தரம் திரும்ப நின்றது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்லுவினம். 1974 யூன் 5இல் அவர் செத்தபோது அவருக்கு எங்கட வயசுதான். அவரின் அரசியலை ஏற்கிறவரும் கேள்வி கேட்கிறவரும் எங்களுக்குள்ளேயே இருக்கினம். ஆனால் சிலையைக் கடந்து ஒவ்வொரு நாளும் பஸ் ஏறப் போகிற நாங்கள், உடைபட்ட வருசங்களை ஒரு கடதாசியில்கூட எழுதி வைக்கவில்லை. அதுக்குத் திணைக்களமும் வேண்டாம், நிதியும் வேண்டாம்.

பெரிய கட்டடங்கள் வந்துகொண்டுதான் இருக்கு. நூலகத்துக்குப் பக்கத்தில் இந்தியா கட்டித் தந்த பதினொரு மாடிப் பண்பாட்டு மையத்தின் திட்டத்தில் இரண்டு தளம் அருங்காட்சியகத்துக்கென்றே இருக்கிறது. நாவற்குழியில் சிவபூமி அருங்காட்சியகம் 2020இல் திறந்தது. அரசரின் சிலைகளும் பழைய பாவனைப் பொருட்களும் பார்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸில் வருகிறார்கள். வரட்டும், நல்லது. ஆனால் வெண்கலக் குடமும் பாக்குவெட்டியும் மட்டும் எங்கட மரபு என்று அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகக்கூடாது. குடத்தில் தண்ணி அள்ளின கிணறு யாருடையது, யார் அள்ளலாம், யார் கிணற்றடியில் காத்து நின்றார்கள் என்றதும் அந்தக் குடத்தின் கதைதான்.

இனி எங்கட பங்கு. றியோ மாணவர்கள் படம் சேர்த்தார்கள். நாங்கள் வேறொன்று தேடப்போறம். 1981 மே மாதக் கடைசியில் யாழ். பொது நூலகத்தில் 97,000 புத்தகங்கள் எரிந்தன. ஆனால் அது இரவல் கொடுக்கிற நூலகம். அந்த இரவில் ஊர் முழுக்க வீடுகளில் இரவல் புத்தகங்கள் இருந்திருக்க வேண்டும். தலைமாட்டில், பள்ளிக்கூடப் பைக்குள், யாரோ பெரியப்பா திருப்பிக் கொடுக்கப் பஞ்சிப்பட்டு வைத்த தட்டில். திருப்பிக் கொடுக்காததால் மட்டுமே தப்பின புத்தகங்கள் அவை. பிறகு இடம்பெயர்வு, செல், வெள்ளம், கறையான். எத்தனை மிச்சம் இருக்கும் என்று தெரியாது. ஒன்று இருந்தாலும் போதும்.

ஆகவே உங்கட வீட்டுப் பழைய அலுமாரியை ஒருக்காக் கிண்டிப் பாருங்கோ. அம்மம்மாவிட்ட கேளுங்கோ. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற மாமாமாரிட்டயும் கேளுங்கோ, சூட்கேசுக்குள் புத்தகம் வைத்துக்கொண்டு போன ஆக்கள் இருக்கினம். நூலகத்தின் முத்திரையும் 1981 மே 31க்கு முந்தின திகதியும் குத்தியிருந்தால் முதல் பக்கத்தையும் திகதிப் பக்கத்தையும் படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கோ. பழைய மண்டபத்துக்குள் எடுத்த படங்கள் இருந்தால் அதையும். புத்தகம் உங்களிடமே இருக்கட்டும், நாங்கள் வந்து பார்க்கிறம், கதையைக் கேட்டு எழுதுறம். பிந்தினதுக்குத் தண்டப்பணம் ஒருத்தரும் கேட்க மாட்டம்.